புற்றுநோயின் சரித்திரமும் அதில் எழுதப்படாத ஏடும்

அமெரிக்க நாட்டில் மருத்துவத் தொழில் நடத்தும் சித்தார்த்த முகர்ஜி என்பார், புற்றுநோயின் வரலாற்றை ‘தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்’ என்னும் பெயரால் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறு ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆங்கிலம் கற்றோர் பலரும் புகழ்ந்த அந்நூலை, அம்மொழி அறியாத நம் தோட்டத்துத் தாய்தந்தையர் பக்கம் நின்று மதிப்பிடுவதே நமது நோக்கமாகும்.

நூலின் உயிர்நிலை 1947ஆம் ஆண்டின் பாஸ்டன் நகரம். கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளி ஒருவரின் இரண்டு வயது மகனுக்கு இரத்தப் புற்று. உடன்பிறந்த இரட்டையனோ யாதொரு நோயுமின்றி ஓடியாடுகிறான். டாக்டர் சிட்னி ஃபார்பர், இந்நோயுற்ற வேறு குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்து, நோய் தணியாமல் மூண்டெழுந்ததைக் கண்டிருந்தார். (கருவுற்ற தாய்மாருக்கு நம் கிளினிக்குகளில் கொடுக்கும் சத்து மாத்திரை அதுவே.) ஆகவே அதனைத் தடுக்கும் மருந்தை நாடினார். அதனைச் செய்தளித்தது லெடர்லி ஆய்வுக்கூடம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். டிசம்பர் இறுதியில் அமினோப்டெரின் ஊசி போடப்பட்டது. சிறுவன் எழுந்து நடந்தான். எனினும் 1948இல் இறந்தான். அவ்வாண்டு ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கைப்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்குச் சிறிது காலம் குணம் தெரிந்தது.

இப்பகுதியை ஆசிரியர் எழுதியிருக்கும் திறம் மெச்சத்தக்கது. ஆயினும் நமக்கொரு குறை உண்டு. மருத்துவரின் பிடிவாதம் தெரிகிறது; மருந்தின் பிறப்புத் தெரிகிறது; அச்சிறுவனின் தாய்தந்தையரைப் பற்றி அறியக் கிடைப்பதோ சொற்பம். இரவில் விழித்திருந்தவர் யார்? மற்றப் பிள்ளைக்கு என்ன சொல்லி வைத்தார்கள்? மருத்துவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டுதானே சரித்திரம் எழுதமுடியும் என்று அன்பர்கள் கூறலாம். 1947க்கு அவ்வாதம் பொருந்தும், இன்றைக்குப் பொருந்தாது. எவ்வாறெனில், இன்று சிகிச்சையிற் பெரும்பகுதி பெற்றோர் கைக்கு வந்துவிட்டது.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுக்கு இரண்டு, இரண்டரை ஆண்டுகள் வைத்தியம் செய்யவேண்டும். முதற் சில மாதங்கள் ஆஸ்பத்திரியின் பொறுப்பு. பிறகு நாள்தோறும் ஒரு மாத்திரை, வாரமொருமுறை வேறொரு மாத்திரை; இவ்விரண்டாவது, பாஸ்டன் சிறுவன் பெற்ற மருந்தின் இளைய உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்சேட். அவற்றைத் தவறாது புகட்டுவது தாயின் கை. காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் விடியட்டும் என்றிராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது தந்தையின் கால். இதில் தளர்ந்தால் நோய் திரும்பும் அபாயம் மிகும்.

நம் தமிழ்ப் படங்களோ இன்னும் மோசம். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ 1962இலும், பாலசந்தரின் ‘நீர்க்குமிழி’ 1965இலும் வந்தன. பின்னதன் பெயரே தீர்ப்பாயிற்று! அக்காலத்துக்கு அது பெரும்பாலும் உண்மை. ஆதலின் படமெடுத்தோரை நாம் குறை கூறோம். ஆனால் மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் கூடி 556 குழந்தைகளுக்குச் செய்த சிகிச்சையின் முடிவு 2012இல் வெளிவந்தது: ஆறாண்டுக்குப் பின்னும் உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 88 பேர். இவ்வெண் தோட்டத்து வீட்டுக்குள் நுழையவில்லை; படத்தின் கண்ணீர் நுழைந்துவிட்டது. விதியென்று நம்பும் தகப்பன் வைத்தியத்தைப் பாதியில் விடுகிறான். இன்னொருவனோ, தலைமயிர் முளைத்து முகம் தெளிந்ததும், “பிள்ளைக்குத்தான் குணமாகிவிட்டதே, இன்னும் மருந்தெதற்கு?” என்கிறான். இருவர் பிள்ளைக்கும் ஆபத்து ஒன்றே.

விடுப்புப் புத்தகம் எழுதும் கிராணிகளாகிய நாம், அவ்விரண்டாண்டுத் துயரையும் ‘மகனுக்கு ஆஸ்பத்திரி’ என்னும் இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிறோம். அச்சொற்களுக்குப் பின்னே என்னென்ன உள! கோலா கெத்திலினின்று சுங்கைப்பட்டாணி, பட்டர்வொர்த், பிறகு பினாங்கு, இழந்த நாட்சம்பளம், ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பி, நள்ளிரவிலும் சோறு கேட்டழும் பிள்ளை, மறுவாரமே வாய்ப்புண்ணால் கஞ்சியும் இறங்காத அதே பிள்ளை. ஊசிக்குப் பிடித்துக் கொடுத்த தாயை அடித்துவிட்டு, அவள் மடியிலேயே உறங்குகிறது. “நான் என்ன தப்பு செய்தேன், அம்மா?” என்று ஐந்து வயதுக் குழந்தை கேட்கும்போது, தப்பொன்றுமில்லை, இது தண்டனையன்று என்று எந்தச் சொற்களால் அவள் கூறுவாள்? அச்சொற்களைத் தரும் நூலொன்று தமிழில் வேண்டும். முகர்ஜியின் நூலைப்போல் பல நூறு பக்கம் வேண்டியதில்லை. பெயர் கூப்பிடும்வரை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அமர்ந்து படித்து முடிக்கத்தக்க இருபது பக்கம் போதும்.