ரேம் போட்டால் போதுமா?

கேம் ஆடும்போது கம்ப்யூட்டர் திணறுகிறது என்று ரிச்சி தெருவில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "ரேம் போடுங்க சார், பறக்கும்." அல்லது, "பழைய போர்டு சார், மொத்தமா மாத்திடுங்க." இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் இப்படிச் சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதற்குச் சமம்.

அக்கா மகனுக்கு நேர்ந்தது இதுதான். அவனிடம் இருந்தது ஐ5-9400எஃப் பிராசஸர், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, ஒற்றை 8 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஆடுவான். குதிரை ஊருக்குள் நுழையும்போதெல்லாம் படம் அரை நொடி உறைந்து நிற்கும். ஒரு கடையில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி, அறுபதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள்.

ஆட்டத்தை ஓடவிட்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். மெமரி ஏறக்குறைய முழுதும் நிரம்பியிருந்தது. ஹார்ட் டிஸ்கின் கோடு உறைந்த நொடிகளிலெல்லாம் 100 சதவீதத்தில் முட்டி நின்றது. ரேமில் இடம் இல்லாததால், விண்டோஸ் அதில் இருப்பதை டிஸ்குக்கு மாற்றிவைத்து, ஆட்டம் கேட்கும்போது திரும்ப எடுத்துவந்துகொண்டிருந்தது. அந்த ரேம் நொடிக்குச் சுமார் 21 ஜிபி கடத்தும். ஹார்ட் டிஸ்க் 150 எம்பியைத் தாண்டவே மூச்சு வாங்கும். அந்த இடைவெளியில்தான் குதிரை நின்றது.

அதே வகையில் இன்னொரு 8 ஜிபி வாங்கி, போர்டில் சொல்லியிருந்த ஸ்லாட்டில் போட்டோம். உறைதல் போய்விட்டது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் இன்னொரு ஆதாயமும் உண்டு. இரண்டு சேனலும் சேர்ந்து வேலை செய்வதால் தரவு போகும் பாதை இரட்டிப்பாகும். ஒற்றை ரேமோடு கம்ப்யூட்டர் விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் சராசரி ஃப்ரேம் கணக்கு கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது, ஏனென்றால் அங்கே தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. "ரேம் போட்டா பறக்கும்" என்ற பேச்சு தவறுவது இந்த இடத்தில்தான். போதாத ரேம் இருந்தால், கூடுதல் ரேம் திணறலைத் தீர்க்கும். இருப்பதே போதும் என்றால் 16-ஐ 32 ஆக்கினாலும் ஆட்டத்தில் வித்தியாசம் தெரியாது. கார்டின் சொந்த மெமரி நிரம்பி வழியும்போது வெளியே எத்தனை ஜிபி போட்டாலும் ஈடாகாது. டிடிஆர்3 காலத்துப் போர்டில் கூடுதல் ரேமுக்குச் செலவழிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. நாளை போர்டை மாற்றினால் அந்த ரேம் அதில் பொருந்தாது. டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் பின்கள் 288தான் என்றாலும் வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது.

மொத்தமாக மாற்றுவதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. பிராசஸரே தடையாக நின்றால் பல நேரம் வேறு வழியில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல்லின் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையவையும், சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. ஆனால் ஒன்றைத் தொட்டால் சங்கிலியாக எல்லாம் வரும். ஏஎம்5 பிராசஸர் என்றால் புதுப் போர்டு, அதற்கு டிடிஆர்5, சில சமயம் எஸ்.எம்.பி.எஸ்ஸும்கூட. அதுவும் எந்த நேரத்தில்! 2025 இறுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எகிறிவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான குரூஷியல் பிராண்டைக் கைவிடுவதாக மைக்ரான் நிறுவனமே அந்த டிசம்பரில் அறிவித்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2017-இல் வந்த பல ஏஎம்4 போர்டுகளில், பயாஸை மட்டும் அப்டேட் செய்தால் 2022-இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை பொருத்தலாம். ரேம், போர்டு, கேபினெட் எல்லாம் பழையவையே. ஐந்து வருடத்துப் பாய்ச்சலை ஒரே பிராசஸரின் விலையில் அடையலாம். எஸ்டிமேட் கேட்டால் இந்த வழியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கா மகனுக்கு அடுத்து வாங்க வேண்டியது எஸ்எஸ்டி, பிறகு கிராபிக்ஸ் கார்டு. போர்டைத் தொட வேண்டியதில்லை. நீங்களும் கடைக்குக் கிளம்பும் முன், உங்களுக்குத் திணறும் அதே ஆட்டத்தை அரை மணி நேரம் ஓடவிட்டு, மெமரி, டிஸ்க், பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு நான்கில் எது முதலில் முட்டுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.