கும்கி வளைகிறதா?

மிருதங்கத்தின் தொப்பியில் இடது கை விழுகிறது. விழுந்த கையோடு உள்ளங்கையின் அடிப்பகுதி தோலை அழுத்தி நகர, அடியாழத்தில் பிறந்த ஒலி மேல் நோக்கி வளைந்து அடங்குகிறது. இதுதான் கும்கி. ஒரு ஹெட்ஃபோன் நன்றாக இருக்கிறதா என்று யாராவது என்னிடம் கேட்டால், விலையை விசாரிக்கமாட்டேன். அதில் கும்கி வளைகிறதா, அல்லது வெறும் இடியாக விழுகிறதா என்றுதான் கேட்பேன். பாஸ் அதிகம் என்று விளம்பரம் செய்யும் பல ஹெட்ஃபோன்களில் அது 'தும்' என்று விழுந்து வீங்கி நிற்கும். பிளானர் மேக்னடிக் ஹெட்ஃபோனில், அதிலும் நன்றாகச் சீர்செய்த ஒன்றில், ஒலி எங்கே பிறந்தது, எங்கே திரும்பியது, தோல் எப்போது அடங்கியது என்பதெல்லாம் காதுக்குத் தெரியும்.

காரணம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. சாதாரண ஹெட்ஃபோனில் ஒரு சிறு கூம்பு. அதன் நடுவே ஒட்டிய கம்பிச்சுருள். சுருளை அசைக்க ஒரு காந்தம். தள்ளுவது ஓரிடம், அசைய வேண்டியது முழுக் கூம்பு. பிளானரில் கூம்பு கிடையாது. மிக மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியத் தடம் முன்னும் பின்னுமாக மடிந்து மடிந்து ஓடும். படலத்தின் எதிரே காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கும். மின்சாரம் பாயும்போது தடம் ஓடும் பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே விசையில் அசைகிறது. அதனால் அடிச்சுரங்களில் சிதைவு குறைவு. தாழ்ந்த அலைவெண்கள் வரை பாஸ் சரியாமல் சமனாக இறங்கும். எம்.டி. ராமநாதன் தம் தாழ்ந்த சுருதியில் மந்திர ஸ்தாயிக்கு இறங்கும்போது, அந்தக் குரலுக்குக் கீழேயும் இடம் மிச்சம் இருப்பதை இந்தப் படலம் காட்டும்.

இந்தத் தொழில்நுட்பம் புதியதல்ல. யமஹா 1976-இல் எச்பி-1 என்ற பிளானர் ஹெட்ஃபோனைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் இத்தாலியரான மரியோ பெல்லினி. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸும் எழுபதுகளிலிருந்தே இந்த வகையைச் செய்துவருகிறது. பிறகு நீண்ட காலம் இது ஒலிப்பதிவுக் கூடங்களிலும் சில ரசிகர்களின் அலமாரிகளிலும் ஒதுங்கியிருந்தது. அதை மீட்டுக்கொண்டு வந்தவர்களில் ஒருவரின் பெயர் நமக்கு அந்நியமானதல்ல: சங்கர் தியாகசமுத்திரம். 2008-இல் அலெக்சாண்டர் ராசனுடன் சேர்ந்து கலிஃபோர்னியாவில் அவர் தொடங்கிய நிறுவனம் ஆடிஸி. அதன் எல்சிடி வரிசையும், ஃபாங் பியானின் ஹைஃபைமேன் ஹெட்ஃபோன்களும்தான் பிளானரை மறுபடி பேச வைத்தன. 2023-இல் ஆடிஸியை சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவு வாங்கியது. ஒரு காலத்தில் லட்ச ரூபாய்ப் பேச்சாக இருந்த பிளானர், இன்று ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ போன்றவற்றால் நடுத்தரக் குடும்பத்துப் பையனின் கைக்கும் எட்டும் பொருளாகிவிட்டது.

ஆனால் எட்டும் விலையில் வரும் பிளானர் முழுதாக முடிந்த பொருளாக வருவதில்லை. படலமும் காந்தமும் அருமையாக இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடும், மெத்தையும், கூட்டுக்குள் அடைபட்ட காற்றும் அந்தத் தரத்துக்கு ஈடுகொடுக்காது. அங்கேதான் கேட்பவரின் கைவேலை தொடங்குகிறது.

இந்தக் கைவேலைக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது ஃபாஸ்டெக்ஸின் டி50ஆர்பி. பெட்டியிலிருந்து எடுத்தபடி கேட்டால் நடுச்சுரங்கள் முட்டிக்கொண்டு நிற்கும். ஆழ்ந்த பாஸ் மெலிந்திருக்கும். ஆனால் திருகுகளைக் கழற்றினால் எல்லாம் கைக்கு வந்துவிடும். உலகமெங்கும் ரசிகர்கள் அதைத் திறந்து, களிமண் அப்பி, பஞ்சு வைத்து, துளைகளை மூடிப் பார்த்தார்கள். டான் கிளார்க் என்ற அமெரிக்கர் அப்படித்தான் தொடங்கினார். அதே ஃபாஸ்டெக்ஸ் படலத்துக்கு முப்பரிமாண அச்சில் கூடு செய்து, 2013-இல் ஆல்ஃபா டாக் என்று வெளியிட்டார். இன்று டான் கிளார்க் ஆடியோ உலகின் முன்னணி பிளானர் நிறுவனங்களில் ஒன்று. மரக்கூடுகளுக்குப் பேர்போன சிகாகோவின் இசட்எம்எஃப் நிறுவனமும் இதே டி50ஆர்பியைத் திருத்தித்தான் பிறந்தது.

நமக்கு இந்த வேலை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. விறைத்த சவ்வை அடக்கி இனிமையாக்குவது நம் வாத்தியக்காரர்களின் பரம்பரை வித்தை. வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாகும். மிருதங்கத்தின் வலந்தலையில் கரிய சாந்தை அடுக்கடுக்காகத் தேய்த்துப் பூசும்போது, அதே தோலின் மேற்சுரங்கள் ஒழுங்குக்கு வந்து சுருதி பேசும். சர் சி.வி. ராமன் இதை 1920-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார். அடுத்த ஆண்டில் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தபோது, தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூலையும் விடவில்லை. அந்த நூலை மயிரிழை அளவு நகர்த்தினாலே தம்புராவின் ரீங்காரம் திறக்கும் அல்லது மூடிக்கொள்ளும். பிளானரைச் சீர்செய்வதும் இதே அளவுள்ள வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே சவ்வைத் தொடக் கூடாது. அதன் முன்னும் பின்னும் உள்ள காற்றைத்தான் பழக்க வேண்டும்.

முதலில் காது மெத்தை, அதாவது பேட். என் அனுபவத்தில், ஒரு பிளானரின் ஒலியைப் பேட் மாற்றும் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரோ கேபிளோ மாற்றுவதில்லை. பேட் காதைச் சுற்றி இடைவெளியின்றி உட்கார்ந்தால்தான் பாஸ் நிற்கும். மூக்குக் கண்ணாடியின் காம்பு விடும் சிறு இடுக்கே பாஸைக் கசியவிடப் போதும். தடித்த பேட் போட்டால் காதுக்கும் படலத்துக்கும் தூரம் கூடும், ஒலிமேடை விரியும், குரல் சற்றுப் பின்வாங்கும். உட்புறம் துளையிட்ட தோல் பேட், வெல்வெட் போன்ற வெலூர் பேட், இரண்டும் கலந்த பேட் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். வயலினின் மேல் ஸ்தாயி கூசினால் நான் முதலில் பேட்டைத்தான் மாற்றிப் பார்ப்பேன்.

அடுத்தது மைக்ரோபோர் டேப். காயத்துக்குப் பஞ்சு வைத்து ஒட்டும், மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளைக் காகித டேப்தான். காற்று அதன் வழியே முழுதும் போகாது, முழுதும் நிற்கவும் செய்யாது. அந்த அரைகுறைத் தடுப்புதான் நமக்குத் தேவை. டி50ஆர்பியின் கூட்டில் உள்ள திறப்புகளில் இதை ஒட்டிப் பாருங்கள். திறப்பு அதிகமிருந்தால் பாஸ் பெருகித் தளரும். கொஞ்சம் மூடினால் இறுகும். முழுக்க மூடினால் வற்றிவிடும். ஒரு துண்டு ஒட்டியபின் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டுக் கேட்டால், தொப்பியின் கார்வை எங்கே வெட்டுப்படுகிறது என்பது உடனே தெரியும். கும்கியின் வால் நீண்டு அடுத்த சொல்லின் மேல் படிந்தால் இன்னும் சற்று மூட வேண்டும். வால் அறுந்து வலந்தலைச் சொற்கள் மட்டும் துள்ளி நின்றால் ஒரு துண்டை எடுத்துவிட வேண்டும். காதுதான் அளவுகோல், கை அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

மூன்றாவது, கூட்டின் உட்சுவர். மெல்லிய பிளாஸ்டிக் தானும் சேர்ந்து பாடும். குழந்தைகள் விளையாடும் கிளேயைச் சன்னமாகத் தட்டி உட்சுவரில் அப்பினால் அந்தச் சத்தம் அடங்கும். பின்புறம் மெல்லிய ஃபெல்ட் துணி ஒன்றை வைத்தால் கூட்டில் பட்டுத் திரும்பும் ஒலி குறையும். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பஞ்சை அடைத்துக்கொண்டே போனால் இரைச்சல் போகும், கூடவே உயிரும் போகும். பிசிறு பறக்கும் பஞ்சு வேண்டாம். இழை படலத்தில் போய் விழும். காந்தங்கள் வலுவானவை, ஸ்குரூ டிரைவரைப் பிடித்து இழுக்கும். இரும்புத் தூள் உள்ள மேசையில் பிரிக்காதீர்கள். மாட்டியிருக்கும்போது காதோடு சேர்த்து வேகமாக அழுத்தவும் வேண்டாம். அடைபட்ட காற்றின் அழுத்தத்தில் படலம் சுருங்கிப்போகலாம். திறந்தால் உத்தரவாதம் போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஜோடி சேர்ப்பது. பிளானரின் மின்மறுப்பு எல்லா அலைவெண்ணிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஆம்ப் மாறினால் தொனி பெரிதாக மாறாது. பிளானர் கேட்பது கரண்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்இ400எஸ்இ 25 ஓம். ஒரு மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். கச்சேரிப் பதிவின் உச்ச அடி 110 டெசிபலை ஒரு கணம் தொட வேண்டும் என்றால் ஏறக்குறைய 80 மில்லிவாட், 56 மில்லி ஆம்பியர் வேண்டும். கைபேசியில் செருகும் ஓரளவு நல்ல டாங்கிளே இதைக் கொடுத்துவிடும். அதே நிறுவனத்தின் பழைய எச்இ-6க்கு உணர்திறன் 83.5 டெசிபல்; அதே உச்சத்துக்கு 450 மில்லிவாட் அளவில் தேவை. அதனால்தான் அதை ஸ்பீக்கர் ஆம்ப்பில் மாட்டிக் கேட்டவர்கள் உண்டு. உங்கள் ஹெட்ஃபோன் கேட்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு தரும் சாலிட் ஸ்டேட் ஆம்ப் போதும். அதற்கு மேல் செலவழிக்கும் பணத்தை நல்ல பேட்டில் போடுங்கள். கேபிளை நீளத்துக்காகவும், உரசும் சத்தம் வராமல் இருப்பதற்காகவும் மாற்றுங்கள், ஒலிக்காக வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் நல்ல ஜாக்கும் வயரும் வாங்கிக் கையால் பற்றவைத்த கேபிளே இதற்குத் தாராளம்.

கைவேலையால் எட்டாததை ஈக்வலைசர் முடித்துக்கொடுக்கும். ஹைஃபைமேன் ஹெட்ஃபோன்கள் பலவற்றில் 1.5 முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு பள்ளம் உண்டு. மேடை அகலமாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நாகஸ்வரத்தின் நெஞ்சு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே 2 அல்லது 3 டெசிபல் ஏற்றினால் வாத்தியம் ஓரடி முன்னால் வந்து நிற்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றினாலும் பிளானர் தளராது. ஏற்றிய அளவுக்கு மொத்த ஒலியை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். இல்லையென்றால் உச்சத்தில் கிழியும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளுக்கு மேல்பகுதியைத் தணித்த ஓர் அமைப்பு. இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' போன்ற, வயலின்களும் பாஸ் கிட்டாரும் நெருங்கிப் பின்னும் பதிவுக்கு எதையும் தொடாத ஓர் அமைப்பு. இரண்டையும் தனித்தனியே சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கலைக்கு எங்கள் ஊரான சிங்கப்பெருமாள் கோவில் கொடுத்திருக்கும் தொல்லையும் உண்டு, சொத்தும் உண்டு. இங்கே ஜிஎஸ்டி சாலையின் லாரியும், செங்கல்பட்டு மின்சார ரயிலும், தொழிற்பேட்டைப் பேருந்துகளும் பகலில் ஓய்வதில்லை. முதுகு திறந்த ஹெட்ஃபோன் எல்லாச் சத்தத்தையும் உள்ளே விடும். ஆகவே பகலுக்கு மூடிய கூட்டில் சீர்செய்த டி50ஆர்பி, இரவுக்குத் திறந்த எச்இ400எஸ்இ என்ற ஜோடிதான் இந்த ஊருக்குப் பொருந்தும். செங்கல்பட்டு வெயிலிலும் வியர்வையிலும் செயற்கைத் தோல் பேட் உரிந்துவிடும், டேப்பின் பசை இளகும். கேட்டபின் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைப்பது இங்கே கட்டாயம். ஆனால் இதே ஊரில், குன்றைக் குடைந்த பாடலாத்ரி நரசிம்மர் சன்னிதியிலிருந்து புறப்பாடு கிளம்பும்போது நாகஸ்வரமும் தவிலும் மைக் இல்லாமல் கேட்கும். தவிலின் வலது பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள் தெறிக்கும் கூர்மையும், இடது பக்கத்தில் கழி விழும் கனமும் எப்படி இருக்கும் என்பது அங்கே நின்ற காதுக்குத் தெரியும். எந்த அளவீட்டு வரைபடமும் கொடுக்காத ஆதாரம் அது. கூர்மை மட்டும் வந்து கனம் வராவிட்டால் பேட் சரியில்லை. கனம் வந்து கூர்மை மழுங்கினால் ஃபெல்ட் கூடிவிட்டது. வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனைத் திருத்த அந்த ஞாபகம் ஒன்றே போதும்.

நல்ல திருத்தம் எது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஹெட்ஃபோன் தன் சொந்தக் குரலைக் குறைத்துக்கொண்டு வாத்தியத்துக்கு இடம்விட வேண்டும். அதிக பாஸும் அதிக பளபளப்பும் முதல் நாள் மயக்கும். ஒரு ராக ஆலாபனை முடிவதற்குள் அலுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மறுபடி பிரித்தெடுக்க முடியாத எதையும் ஒட்டாதீர்கள். நாலு நாள் அதோடு பழகுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஊர்க் கோயில் புறப்பாட்டிலோ மைக் இல்லாத மார்கழிக் கச்சேரியிலோ போய் நின்று, வாத்தியம் உண்மையில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஸ்குரூ டிரைவரை அதற்குப் பிறகு எடுக்கலாம்.