எண்ணப்பட்டவர்களும் எண்ணியவர்களும்: டைசோ கிராமத்து ஆஷ்பி குடும்பத்தை முன்வைத்து

குடும்ப வரலாறு என்பது அடிப்படையில் சொத்துக்காரர்களின் இலக்கிய வகை. 1826-இல் பர்க் இங்கிலாந்துப் பிரபுக்களின் வம்சாவளியைத் தொகுத்து வெளியிட்டார். 1830-களில் பட்டமில்லாத நிலக்கிழார்களுக்கும் தனித் தொகுதி வந்துவிட்டது. நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதற்குச் சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சியே பிற்பாடு பெருமையாயிற்று. நிலமில்லாதவனுக்குத் தன் பாட்டனுக்குப் பாட்டன் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? காட்டிக் கேட்க ஒரு காணி இல்லை. ஆகவே நிலமற்ற குடும்பம் ஒன்றின் வரலாறு எழுதப்படும்போது, அந்த வடிவமே தன்னுடைய நியாயத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது.

எம். கே. ஆஷ்பி 1961-இல் எழுதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'டைசோவின் ஜோசஃப் ஆஷ்பி 1859-1919' என்ற நூலை இந்தச் சிக்கலோடு சேர்த்தே வாசிக்கிறேன். மகள் எழுதிய தகப்பனின் வாழ்க்கை இது. துணைத்தலைப்போ 'ஆங்கிலக் கிராம வாழ்க்கை பற்றிய ஓர் ஆய்வு' என்று போகிறது. 1974 மறுபதிப்புக்கு ஈ. பி. தாம்ப்ஸன் முன்னுரை எழுதினார். வாரிக்‌ஷயரில், 1642 உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை நடந்த எட்ஜ்ஹில் சரிவின் அடியில் இருக்கிறது டைசோ. சண்டையிட்ட மன்னரையும் தளபதிகளையும் வரலாறு பெயர் சொல்லி அறியும். சரிவின் கீழே உழுதவர்களை எந்தப் பெயரில் அறியும் என்பதுதான் கேள்வி.

முதலில் சொல்லிலேயே ஒரு மோசடி இருக்கிறது. 'விவசாயக் குடும்பம்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கிராமத்தில் அப்படி ஒன்று கிடையாது; மூன்று அடுக்குகள்தான் உண்டு. மேலே நிலத்துக்கு உடையவர், நடுவில் குத்தகைக்கு எடுத்து ஆள்வைத்துச் சாகுபடி செய்கிற 'ஃபார்மர்', கீழே வாரக்கூலிக்கு உழைக்கிறவர். 'ஃபார்ம்' என்ற சொல்லின் பழைய பொருளே குறித்த வாரம், குத்தகை என்பதுதான். மண்ணையோ உழவையோ அது குறிக்கவில்லை. நம்முடைய 'விவசாயி'யும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஐம்பது ஏக்கர்க்காரரையும் அவர் வயலில் நடவு நடுகிறவளையும் ஒரே சொல்லில் அணைத்துக்கொள்கிறது. அணைக்கிற சொல் எப்போதும் யாரையாவது மூச்சுமுட்ட வைக்கும்.

ஆவணங்களைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகிறது. 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குத்தகை விவசாயி தன்னிடம் எத்தனை ஏக்கர், எத்தனை ஆட்கள் என்று சொல்லும்படி கேட்டது. அவன் ஏக்கராலும் ஆளாலும் ஆன மனிதன். கூலிக்காரனுக்கோ 1841-லேயே ஒரு சுருக்கெழுத்து தயாராகிவிட்டது: 'ஏஜி. லேப்.' அவ்வளவுதான் அவன். வீட்டு வேலை செய்யும் பெண்ணோ 1881 கணக்கெடுப்பில் தொழிலற்றவள் ஆகிவிட்டாள். திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கான கட்டம் காலியாக விடப்படும். ஜோசஃப் ஆஷ்பி அப்படிப் பிறந்த பிள்ளை. தந்தைவழியைச் சொல்லித் தொடங்குவதே வம்சாவளியின் இலக்கணம் என்றால், இந்த நூல் இலக்கணப் பிழையிலிருந்து தொடங்குகிறது. அதன் பலமே அங்கிருந்துதான் வருகிறது என்பது என் வாதம். மேலே ஏறிப்போக மரம் இல்லாததால் பக்கவாட்டில் கிராமத்துக்குள் படர்கிறது. தாய், தேவாலயம், மெதடிஸ்டுச் சிற்றாலயம், பொதுநிலம் என்று உறவுகளின் வலை ஒன்று வம்சத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது.

அந்தப் பொதுநிலத்தின் கதை தெரியாமல் இந்தத் தலைமுறை புரியாது. 1604 முதல் 1914 வரை 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் வழியாக ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக, தனியுடைமையாக வரையறுக்கப்பட்டது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் கதிர் பொறுக்கவும் இருந்த வழக்குரிமைகள் எழுத்தில் இல்லாததால் இல்லாமற்போயின. வேலியடைப்பு உச்சத்திலிருந்த காலத்திலேதான் கார்ன்வாலிஸ் 1793-இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார் என்பதையும், 1802-இல் அது சென்னை மாகாணத்தின் சில பகுதிகளுக்கு வந்தது என்பதையும் இந்த இடத்தில் நினைவுபடுத்திவிட்டு மேலே போகிறேன். நிலம் என்றால் ஒருவர் பெயரில் இருந்தாக வேண்டும் என்ற கருத்தியலுக்குக் கப்பல் ஏறத் தெரியும்.

வரலாற்றாசிரியர்களுக்குள் இதில் பெரிய சண்டை உண்டு. 1911-இல் ஹேமண்ட் தம்பதியர் வேலியடைப்பை ஒரு பறிப்பு என்று எழுதினார்கள். 1953-இல் ஜே. டி. சேம்பர்ஸ், வேலியடைப்பு ஆட்களைக் கிராமத்தைவிட்டு விரட்டவில்லை, வேலை கூடவே செய்தது என்று கணக்குக் காட்டினார். 1993-இல் ஜே. எம். நீசன் வழக்குரிமை பெற்றிருந்த எளியவர்களின் இழப்பை மறுபடி ஆவணங்களிலிருந்தே நிறுவினார். இந்த நடுக்கட்டத்தில், எண்கள் நினைவைத் தோற்கடித்துவிட்டதாக நம்பப்பட்ட காலத்தில், ஆஷ்பியின் நூல் வந்தது என்பது முக்கியம். வேலை கூடியதா என்பது ஒரு கேள்வி. யாரிடம் போய்த் தொப்பியைக் கழற்றி நின்று அந்த வேலையைக் கேட்க வேண்டியிருந்தது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் புள்ளிவிவரத்தில் பத்தி கிடையாது.

1872 பிப்ரவரியில் பக்கத்து ஊரான வெல்ஸ்போர்னில் ஒரு மரத்தடியில் ஜோசஃப் ஆர்ச் பேசினார். தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கேட்டது வாரத்துக்கு 16 ஷில்லிங். ஆர்ச்சின் சுயசரிதை 1898-இல் வந்தது. சிறுவனாகச் சாவித்துவாரம் வழியே அவர் பார்த்த நற்கருணைக் காட்சி அதில் இருக்கிறது: நிலக்கிழார் முதலில், கூலிக்காரத் தகப்பன் கடைசியில். ஆனால் அந்த நூலைப் பதிப்பித்தவர் வாரிக் சீமாட்டி. கூலிக்காரன் பேச, மாளிகை முன்னுரை வழங்கியது. இரண்டு ஜோசஃப்களும் 1919-இல்தான் இறந்தார்கள். ஒருவரின் கதை சீமாட்டியின் கை வழியாகவும் மற்றவரின் கதை மகளின் கை வழியாகவும் வந்து சேர்ந்தது. இந்த வித்தியாசம் நடையைப் பற்றியது மட்டுமல்ல, யார் யாருக்கு அனுமதி தருகிறார்கள் என்பதைப் பற்றியது.

நான் இந்த நூலுக்கு அப்பால் போய்க் காண்பது இன்னொன்று. 1893-இல் 'எகனாமிக் ஜர்னல்' இதழில் நடுநாட்டுக் கிராமங்கள் சிலவற்றின் புள்ளிவிவரம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜோசஃப் ஆஷ்பியும், பின்னாளில் மாஜினி வரலாறு எழுதிய போல்டன் கிங்கும். 1912-இல் மகன் ஆர்தர் அதே கிராமத்தின் நூறாண்டு ஏழையர் சட்ட நிர்வாகத்தை ஆராய்ந்து வெளியிட்டார். தொழிலாளர்களுக்கென்று 1899-இல் தொடங்கிய ரஸ்கின் கல்லூரியில் படித்தவர்; பிறகு அபெரிஸ்ட்வித்தில் வேளாண் பொருளாதாரப் பேராசிரியர். கடைசியில் மகள், பெண்களுக்கான ஹில்கிராஃப்ட் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், கதையாக எழுதினார். 'ஏஜி. லேப்.' என்று எண்ணப்பட்ட குடும்பம் தானே எண்ண ஆரம்பித்துவிட்டது. தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், நினைப்பதும்தான். ஆஷ்பிகள் இரண்டையும் செய்தார்கள்.

இங்கேதான் ஒரு சங்கடமும் இருக்கிறது. கூலிக்காரர், சிறுநிலக் குத்தகைதாரர், பிறகு பண்ணைக் குத்தகைதாரர், பிள்ளை பேராசிரியர் - இதைக் கேட்டவுடனே 'உழைத்தால் முன்னேறலாம்' என்று கைதட்ட ஆள் வந்துவிடும். கொஞ்சம் விலைவாசியைப் பார்ப்போம். 1877-இல் 56 ஷில்லிங்குக்கு மேல் விற்ற அதே அளவு கோதுமை 1894-இல் 23 ஷில்லிங்குக்கும் கீழே போனது. அமெரிக்கத் தானியம் வந்து இறங்கிவிட்டது. பெரிய குத்தகைதாரர்கள் நொடித்து நிலத்தை விட்டார்கள். வாக்குரிமை 1884-இல் வந்தது, கிராம மன்றம் 1894-இல் வந்தது, சிறுநிலச் சட்டம் 1908-இல் வந்தது. இந்த இடைவெளிகளில் கால் வைத்துத்தான் ஒருவர் ஏற முடிந்தது. ஏறாதவர்கள் சோம்பேறிகள் அல்ல. 1870-களில் சங்கத்தின் உதவியோடேயே கூலிக்குடும்பங்கள் கனடாவுக்கும் நியூஸிலாந்துக்கும் கப்பலேறின. அவர்களைப் பற்றி டைசோவில் உட்கார்ந்து எழுத மகள் யாரும் மிச்சமில்லை.

ஜோசஃப் கடைசியில் பண்ணை எடுத்தது ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ஆஸ்காட்-அண்டர்-விச்வுட் கிராமத்தில். 1873-இல் அதே ஊரில் கதவடைப்பு நடந்தபோது, வெளியிலிருந்து கொண்டுவந்த ஆட்களைத் தடுத்தார்கள் என்று 16 பெண்கள் கடுங்காவல் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். தண்டித்த மாஜிஸ்திரேட்டுகள் இருவரும் பாதிரியார்கள். சங்கத்தின் தலைமுறையில் வளர்ந்தவர், சங்கத்துப் பெண்கள் சிறைபோன ஊரிலே, கூலி கொடுக்கிற அடுக்கில் போய் நிற்கிறார். இது துரோகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தலைமுறையின் உண்மையான வரலாறு அந்த இடத்தில்தான் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. ஒரு மனிதனின் பெயரைத் தலைப்பில் தாங்கிய நூல் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், அந்த 16 பேருக்குத் தலைப்பில் இடம் தர முடியாது.

குடும்ப வரலாறு எழுதக் கிளம்பும் நண்பர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பாட்டனைப் பற்றி எழுதுங்கள், தப்பில்லை. அவர் வாங்கிய கூலி எவ்வளவு, பின்னால் அவரே கொடுத்த கூலி எவ்வளவு, அவர் ஏறின வருஷம் தானியம் என்ன விலை, அதே வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் - இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். போனவர்களின் பெயரை விட்டுவிட்டால், நாமும் பர்க் தொகுதியில் ஒரு பக்கம் சேர்த்தவர்களாகிவிடுவோம்.