திருக்கோகர்ணத்துக் கண்ணாடிப் பேழை

மாநகரத்து மியூசியத்துக்குப் போகிறவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் அடுத்த முறை போக வருஷங்கள் ஆகும். சின்ன ஊரில் அப்படியில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை, தபால்காரர், கோயிலுக்குப் போகிற அம்மா எல்லோரும் அதே தெருவில்தான் நாளும் நடக்கிறார்கள். அதனால் அங்கே, உள்ளிருப்பதை அவ்வப்போது மாற்றி வைக்கிற ஒரே ஒரு கண்ணாடிப் பேழைக்குப் பெரிய கூடங்களுக்கு இல்லாத ஒரு வலிமை உண்டு. அதில் எதை வைப்பது, எப்போது வைப்பது, எதற்குப் பிறகு எதை வைப்பது என்பதைத் தேர்ந்த ஒரு கலையாகவே நான் ரசிக்கிறேன்.

இந்தக் கலைக்குப் புதுக்கோட்டையைப் போல வாய்த்த ஊர் குறைவு. 1910இல் தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தான காலத்தில் தொடங்கிய மியூசியம் இப்போது திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. பாடம் செய்த விலங்குகள், கற்கள், ஆயுதங்கள், செப்புத் திருமேனிகள், காசுகள், முதுமக்கள் தாழிகள் என்று ஒரு சமஸ்தானம் சேர்த்து வைத்த அத்தனையும் ஒரே கூரையின் கீழ். இவ்வளவையும் ஒரே நாளில் பார்த்தால் எதுவும் மனதில் தங்காது. ஒன்றை மட்டும் எடுத்து முன்னே வைத்தால் தங்கும்.

நவராத்திரியை எடுத்துக்கொள்வோம். அந்த ஒன்பது நாளும் பேழைக்குள் இருக்க வேண்டியது அம்மன் காசு. விரல் நுனியில் அடங்கிவிடுகிற செப்புக் காசு அது. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்கு வழங்கப்பட்ட காசு. தொண்டைமான்கள் தங்களைப் பிரகதாம்பாளின் தாசர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். அந்த அம்மன் கோயில் கொண்டிருப்பதும் இதே திருக்கோகர்ணத்தில்தான். கொலு பார்த்துவிட்டோ கோயிலிலிருந்து திரும்பும் வழியிலோ உள்ளே நுழைகிற ஒருவருக்கு, இந்தக் காசைப் பற்றி நீளமாக எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை. பாதிக் கதையை அவரே கொண்டுவருகிறார்.

அதை வைக்கிற விதத்தில்தான் கைத்தேர்ச்சி தெரியும். தேய்ந்த காசின் மேல் நேராக வெளிச்சம் போட்டால் வெறும் செம்புத் தகடுதான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி, வெளிச்சம் காசின் மேல் சாய்ந்து விழும்படி வைக்க வேண்டும். அப்போது அம்மனின் முழங்கால் மடிப்பும் தோளும் நிழல் கட்டி எழும்பி வரும். ஒரு காசைத் தலைப்பக்கமும் இன்னொன்றைப் பூப்பக்கமும் வைத்தால் மறுபக்கம் என்ன என்ற கேள்வியே வராது. மேலே ஒரு உருப்பெருக்கி. அதுவும் எட்டு வயதுப் பிள்ளை எக்காமல் பார்க்கும் உயரத்தில். குறிப்பட்டையில் நாலு வரி போதும். ஐம்பது காசுகளைக் கொட்டி வைப்பதைவிட இந்த இரண்டு காசுகள் அதிகம் பேசும்.

கச்சேரி மாதமான மார்கழியில் பேழைக்குக் குடுமியான்மலை வர வேண்டும். அங்குள்ள இசைக் கல்வெட்டு மலைப்பாறையிலேயே வெட்டப்பட்டது. அதைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. ஆனால் மைப்படி எடுக்கலாம். ஈரத்தாளைப் பாறையில் ஒற்றி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக்குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் பாறை கறுப்பாகவும் தாளில் விழும். கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாகச் சுரங்களை வரிசைப்படுத்திய அந்தக் கல்வெட்டின் ஒரு பகுதி மட்டும் பேழையில் இருந்தால், கச்சேரி கேட்டுப் பழகிய கண் அதன் முன் நின்றுவிடும். பாட்டு காற்றோடு போகிற பொருள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைப் பாறையில் நிறுத்திவைக்க ஒருவர் துணிந்திருக்கிறார்.

மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பொருளின் உடல்நலம். ஓலை, துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் ஆகியவற்றை வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. போன நிறம் திரும்பாது. அதனால்தான் இப்படிப்பட்டவற்றுக்கு 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளி போதும் என்பதும், சில மாதம் காட்டிவிட்டு இருப்பறையின் இருட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் மியூசியத் துறையில் வழக்கம்.

எல்லாவற்றையும் காலண்டர் முடிவு செய்துவிடாது. 2023இல் பக்கத்திலிருக்கும் பொற்பனைக்கோட்டையில் அகழாய்வு நடந்து, பொடிசான ஒரு தங்க மூக்குத்தி கிடைத்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. அப்படியொரு வாரத்தில் பேழையில் இருப்பதை எடுத்துவிட்டு, அந்த அகழாய்வுக் குழியின் படத்தையும் மண்ணடுக்கின் குறுக்குவெட்டையும் வைக்கத் தெரிந்தவரே நல்ல காப்பாட்சியர்.

எனக்கு மிகப் பிடித்தது இல்லாத பொருளைக் காட்டுகிற துணிச்சல். 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. இனி இது நாணயமில்லை, வெறும் பொன் என்று அடையாளம் போட்டதாக இருக்கலாம். அந்தப் புதையலின் நல்ல மாதிரிகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரு மாதம் அந்த வெட்டுப்பட்ட முகத்தைப் பெரிய படமாகப் பேழையில் மாட்டி, பக்கத்தில் கருக்காக்குறிச்சியின் வரைபடத்தையும் வைத்தால் போதும். தன் வயலுக்கு அடியில் ரோம் புதைந்து கிடந்ததை அந்தப் பக்கத்து விவசாயி அறிந்துகொள்வார்.

மாறுகிற காட்சிக்கு ஒரு குறை உண்டு: மாற்றிய மறுநாள் அது இருந்ததற்குச் சுவடு இல்லை. ஒவ்வொரு முறையும் பேழையைப் படம் எடுத்து, குறிப்பட்டையையும் சேர்த்து ஒரு பதிவேட்டில் ஒட்டி, வருகிறவர்கள் புரட்டும்படி மேசைமேல் வைத்தால் அந்தக் குறை தீரும். பத்து வருஷத்தில் அதுவே ஊரின் வரலாற்றுப் புத்தகமாகிவிடும். விலைக்குக் கிடைத்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.