அம்மாவின் காலும் 11 அங்குலமும்

எங்கள் வீட்டு வாசல் நிலையில், தரையிலிருந்து 11 அங்குல உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். முழங்கால் வலிக்காரியான அம்மா, ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைக்க முடிகிற உயரம் அது. ஜீப் ஒன்று வாங்கி நம் வீட்டுக்குத் தகுந்த மாதிரி கட்ட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. டயர், சஸ்பென்ஷன், வின்ச் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவின் காலைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. நண்பனின் வண்டியை இரவல் வாங்கிப் பத்து நாள் ஓட்டிய பிறகுதான் நிலையில் இந்தக் கோடு விழுந்தது.

அவனுடையது லீஃப் ஸ்பிரிங் போட்ட பழைய ஜீப். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்து மூன்று அங்குலம் உயர்த்தி, 33 அங்குல டயர் மாட்டி, முன்னால் இரும்புக் கம்பி பம்பரும் மேலே எல்இடி விளக்குப் பட்டையும் வைத்திருக்கிறான். பார்க்க அவ்வளவு அழகு. முதல் நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தியதும் பிள்ளைகள் இரண்டும் குதித்து ஏறிவிட்டன. அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏப்பா, இதுல ஏறுறதுக்குப் பெருமாள் கோயில் மலைக்கே நடந்து ஏறிருவேன். அங்கயாவது படி இருக்கு."

டேப் எடுத்து அளந்தேன். வண்டித் தளம் தரையிலிருந்து 29 அங்குலம். எங்கள் வீட்டுப் படி 7 அங்குலம். நான்கு படியை ஒரே எட்டில் ஏறச் சொல்லியிருக்கிறேன். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏற்றினோம். இறங்கும்போது ஸ்டூல் ஆடியது. என் மனைவி பிடித்திராவிட்டால் அம்மா விழுந்திருப்பாள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஓட்டிப் பார்த்த அனுபவத்துக்கு வருகிறேன். திருத்தங்கல்லிலிருந்து சிவகாசி பள்ளிக்கூடம், அங்கிருந்து மைத்துனரின் அச்சகம், திரும்பி வீடு. தினமும் இதுதான் என் ஓட்டம். காலண்டர் கட்டும் அட்டைப் பெட்டியும் ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே நகர்கிற சாலை. 40 கிலோமீட்டர் வேகம் வரை ஜீப் சொன்னபடி கேட்டது. விருதுநகர் சாலையில் 65-ஐத் தொட்டு ஒரு பள்ளத்தில் இடதுபக்கச் சக்கரம் இறங்கியதும் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டும் வரை நிற்கவில்லை. காரணம் பிறகு புரிந்தது. வண்டியை உயர்த்தும்போது முன் அச்சு லேசாகச் சுழன்று, காஸ்டர் என்று சொல்லும் சாய்வுக் கோணம் குறைந்துவிடும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் நேராக ஓடுகிறது, அதே சங்கதி. அந்தச் சாய்வு போனால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. கனமான டயரும் சேர்ந்தால் ஆட்டம் பிடித்துக்கொள்ளும். உயர்த்தியவர்கள் கோணத்தைச் சரிசெய்யவில்லை.

பெரிய டயரில் கிடைக்கும் லாபத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தார் என்கிற ஜீப் மாடலில் கம்பெனியே தருகிற 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். ஆசைப்பட்டு மாட்டுகிற 285/70 ஆர்17 சுமார் 831. வித்தியாசம் 42, ஆனால் அச்சு உயர்வது அதில் பாதி, 21 மில்லிமீட்டர்தான். ஒரு அங்குலம் கூட இல்லை. அதற்குக் கொடுக்கும் விலை: ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும். சக்கரத்துக்கு வரும் இழுவை ஐந்து சதவீதம் குறையும். கூடுதல் கனத்தை நிறுத்த பிரேக்குக்கு அதிக வேலை. குடும்பத்தோடு போகிற வண்டிக்கு இந்தப் பேரம் கட்டாது.

கரிசலில் இறக்கிப் பார்க்காமல் விட முடியுமா? அம்மா பிறந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதை. கோடையில் காலை விட்டால் சிக்கிக்கொள்கிற அளவு வெடிப்பு. ஒரு மழை பெய்தால் பிசைந்த மாவு. முந்தின நாள் பெய்திருந்தது. பாதி தூரம் நன்றாகப் போனது. பிறகு டயரின் பொத்தான்களுக்கு நடுவே மண் அப்பி, நான்கு சக்கரமும் மொழுக்கென்று ஆகி, வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. டயர் காற்றை 32-இலிருந்து 20-க்கு இறக்கிய பிறகு ஊர்ந்து வெளியே வந்தது. மாமா டிராக்டரில் வந்து பார்த்துவிட்டு, "மழ பேஞ்சா ரெண்டு நா பொறுத்து வரணும் மருமகனே, எங்க அப்பா மாட்டு வண்டியே பூட்ட மாட்டாரு" என்றார். அன்றைக்கு எனக்கு உதவியது 33 அங்குல டயர் அல்ல, காற்றைக் குறைத்ததும் 12 வோல்ட் கம்ப்ரசரால் மறுபடி நிரப்பிக்கொண்டதும்தான். என் நோட்டில் வின்ச்சை அடித்துவிட்டு கம்ப்ரசரை எழுதினேன்.

இன்னொன்று. இந்த மாதிரி ஜீப்புகளில் நான்கு சக்கர இழுவையை லீவர் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரென்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் அந்த லீவரோடு வளைந்தால் யாரோ பிரேக் பிடித்த மாதிரி வண்டி இறுகும், பல்சக்கரங்கள் தேயும். நான் வாங்கப் போகிற வண்டியை என் மனைவியும் ஓட்டப் போகிறவள். அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது இதை.

சட்டத்தையும் படித்தேன். பதிவுச் சான்றிதழில் தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பி பம்பரை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுத்தது. அது நியாயம்தான். மோதலை உள்வாங்க வேண்டிய முன்பகுதியை அது விறைப்பாக்கிவிடுகிறது, ஏர்பேக் விரிவதையும் குழப்பலாம், எதிரே நடந்து வருகிறவருக்கோ அது நேரடி இரும்பு.

என் நோட்டிலிருந்து நான் கோபத்தோடு அடித்தவை இரண்டு. ஒன்று, பின்னால் மாட்டுகிற பெட்ரோல் கேன். வெடியும் தீப்பெட்டியும் செய்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் எரிபொருளைத் தொங்கவிட மனசு வராது. இரண்டாவது சைலன்சர். நண்பனின் ஜீப்பில் சத்தத்துக்காகவே மாற்றியிருந்தார்கள். ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்கும். ஒரு மத்தியானம் தெருவில் அது வெடித்தபோது, எதிர்வீட்டு அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து வானத்தைப் பார்த்தாள். எந்தத் திசையில் புகை என்று தேடினாள். அவள் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். எங்கள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டால் மற்ற ஊர்க்காரர்கள் மாதிரி நாங்கள் அதைச் சத்தமாக மட்டும் கேட்பதில்லை. வண்டியை அணைத்துவிட்டு அவளிடம் போய்ச் சொன்னேன். மிச்ச நாட்கள் தெருமுனையிலிருந்தே என்ஜினை அடக்கித்தான் ஓட்டினேன்.

சரி, எந்த வண்டியை வைத்துத் தொடங்குவது? நாங்கள் ஐந்து பேர். மூன்று கதவு தாரிலும் ஐந்து கதவு ஜிம்னியிலும் இருக்கை நான்குதான். கணக்கு அங்கேயே முடிந்தது. ஜிம்னியை விட மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1,645 மில்லிமீட்டர் அகலத்தில், சிவகாசிச் சந்துகளுக்கு அதைவிடப் பொருத்தமான நான்கு சக்கர இழுவை வண்டி நம் சந்தையில் இல்லை. பின்பக்கம் எதிரெதிராக உட்காரும் பெஞ்சு போட்டு இருக்கையைக் கூட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். முன்னால் மோதினால் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு முறுக்கிக்கொள்ளும், பெல்ட் இருந்தும் சரியாகத் தாங்காது. பிள்ளைகளை அதில் உட்கார வைக்கவே மாட்டேன்.

மிச்சம் இரண்டு. ஐந்து கதவு ஃபோர்ஸ் குர்கா ஏழு பேருக்கானது. முன்பின் டிஃபரென்ஷியல் லாக்கும் ஸ்நார்க்கலும் கம்பெனியே பொருத்தித் தருகிறது. காட்டுக்கும் ஆற்றுக்கும் போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மற்றொன்று 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸ். இரு அச்சுகளுக்கு இடையே 2,850 மில்லிமீட்டர், மூன்று கதவு தாரைவிட 400 அதிகம். அந்த நீளம் பின்னிருக்கைக்காரரின் காலுக்குக் கிடைக்கிறது. மேட்டு முகட்டில் வயிறு தட்டும் வாய்ப்பும் அதனாலேயே கூடுகிறது. நான் போகிற பாதையில் முகடு கிடையாது. நான்கு சக்கர இழுவை டீசலில் மட்டும் வருகிறது. பாரத் என்சிஏபி மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. என் மனம் அங்கேதான் நிற்கிறது.

கட்டுகிற வேலை என்று இப்போது நோட்டில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். கம்பெனி அளவிலேயே, தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரைன் டயர். மட்-டெரைன் வேண்டாம், கரிசலைக் கொஞ்சம் நன்றாக உதறும், ஆனால் தார்ச்சாலையில் அதன் இரைச்சலில் பின்னிருக்கையோடு பேச முடியாது. சஸ்பென்ஷனில் கை வைப்பதில்லை. கம்ப்ரசர், இழுவைப் பட்டை, மண்வெட்டி. கழுவித் துடைக்கத் தோதான தரைவிரிப்பு. சின்னவளுக்கு ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டும் இருக்கை.

பிறகு, கால்படி. ஓடுபலகை மாதிரி வண்டி நீளத்துக்கும் போடுவதால் கல்லில் தட்டும் என்று ஜீப் பிரியர்கள் இதைக் கழற்றிவிடுவார்கள். அம்மாவின் அளவில், தரையிலிருந்து 11 அங்குலத்தில் வைத்தால் அது கிட்டத்தட்ட 280 மில்லிமீட்டர். பெரும்பாலான கல் வண்டியின் அடியில் தட்டிய பிறகுதான் படியில் தட்டும். படியிலிருந்து தளத்துக்கு இன்னொரு 11. ஆகத் தளம் 22 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரண்டு அடுக்குப் படி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவுத் தூணில் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போகிறோம். டேப் என் சட்டைப்பையில் இருக்கிறது. அம்மா தினமும் போடுகிற ரப்பர் செருப்போடுதான் வருகிறாள். ஏறி இறங்கி மூன்று தடவை பார்ப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.