பூட்டிய கடையின் பெயர்ப்பலகை

ஸ்டீமில் விற்பனை நிறுத்தப்பட்ட கேம்களின் பக்கங்களைக் கொஞ்ச நாளாக வாசித்துவருகிறேன். வாசிப்பு என்றுதான் சொல்வேன், அவையும் பிரதிகள்தானே. விலை இருந்த இடம் காலி. மேலே ஒரு வரி: வெளியீட்டாளர் கேட்டுக்கொண்டதால் இனி விற்பனைக்கு இல்லை. ஏன் என்று அது சொல்லாது. ‘ஆலன் வேக்’ 2017 மே மாதம் கடையிலிருந்து போனதற்குக் காரணம், உள்ளே இருந்த பாட்டுகளின் உரிமம் முடிந்தது. மறு ஆண்டே திரும்பி வந்துவிட்டது. 2023 டிசம்பரில் போன ‘தி க்ரூ’வுக்கு 2024 மார்ச் 31-ஓடு சர்வரும் நின்றது. காசு கொடுத்து வாங்கினவங்களுக்கும் கதவு அடைச்சாச்சு.

அந்த மொட்டை வரியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைத் தொந்தரவு செய்வது ஓரத்தில் இருக்கும் ‘இணையதளம்’ என்ற லிங்க். வாங்கும் பொத்தானை எடுத்த கை இதைத் தொடுவதில்லை. டொமைன் என்பது ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய விலாசம். கேம் செத்த பிறகு யார் கட்டுவார்? கெடு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவருக்கு அந்தக் கேம் என்னவென்றே தெரிய வேண்டாம். பழைய பக்கங்கள் எல்லாம் அந்த விலாசத்தைக் கைகாட்டுகின்றன, தேடுபொறிகள் அதை மதிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன, அது போதும். ஆகவே கேமின் படங்களும் ரசிகர்கள் உருகி எழுதிய விமர்சனங்களும் அப்படியே இருக்க, அழுத்தினால் சூதாட்டத் தளம் வந்து நிற்கிறது. செத்தவர் வீட்டில் யாரோ குடியேறி, பழைய பெயர்ப்பலகையைக் கழற்றாமல் வியாபாரம் பண்ற மாதிரி.

‘யார் இதையெல்லாம் போய்ப் பார்க்கப் போறாங்க?’ என்பீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்தான் பார்ப்பார். விற்பனை நின்றாலும் பெரும்பாலான கேம்கள் அவருடைய லைப்ரரியில் இருக்கின்றன, இறக்கிக்கொள்ளவும் முடிகிறது. புதுக் கணினியில் கேம் ஓடவில்லை என்றால் பேட்ச் தேடி முதலில் வருவது இந்தப் பக்கத்துக்குத்தான். அங்கே பேட்ச் என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் நம்பி இறக்கிவிடுவார். ஸ்டீம் காட்டிய வழியாச்சே.

விலாசத்தை அழித்துவிடச் சொல்லவில்லை. உருவாக்கியவர்களின் தடயம் அது, அழிப்பது இன்னொரு திருட்டு. அழுத்த முடியாத வெறும் எழுத்தாக இருக்கட்டும். பக்கத்திலேயே வேபேக் மெஷினில் உள்ள பழைய பிரதிக்கு, தேதியோடு, ஒரு லிங்க் கொடுக்கலாம். இதற்கு எந்த வெளியீட்டாளரின் வேண்டுகோளும் தேவையில்லை.