படமா, பட்டமா? லினக்ஸ் கணினியின் விசைப்பலகையும் நம் சிவப்பு மையும்



முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். போன தவணையில் நான்காம் படிவ மாணவன் ஒருவன் பள்ளிக் கணினிக் கூடத்தில் தட்டிக் கொடுத்த கட்டுரையைத் திருத்தினேன். ‘வணககம்’, ‘சஙகம்’, ‘படடம்’, ‘மனறம்’ என்று வரிக்கு வரி பிழை. தாள் முழுக்கச் சிவப்பு வட்டம். "ஒற்று போடத் தெரியாம நாலாம் படிவம் வரைக்கும் எப்படிடா வந்தே?" என்றும் கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல தட்டினா சரியா வருது டீச்சர்" என்றான். சாக்கு சொல்கிறான் என்று நினைத்தேன்.

அன்று மாலை அவனுடைய கையெழுத்துக் கட்டுரைகளைப் புரட்டினேன். அங்கே ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. அச்சிட்ட தாளை மறுபடியும் பார்த்தேன். சொல்லின் கடைசியில் இருந்த ‘ம்’ எல்லாவற்றிலும் புள்ளி ஒழுங்காக இருந்தது. புள்ளி விசை கெட்டிருந்தால் அதுவும் விழுந்திருக்காதே! விடுபட்டவை எல்லாம் இரண்டு மெய்கள் சேரும் இடத்துப் புள்ளிகள் மட்டும். பிழை மாணவனுடையதா, கணினியுடையதா என்ற சந்தேகம் அப்போதுதான் எனக்கு வந்தது.

அந்தக் கூடத்தில் பழைய கணினிகள் லினக்ஸில் ஓடுகின்றன. விசைப்பலகை சரியில்லை என்றால் என்ன செய்வது என்று தேடினால் நிறைய வழிகாட்டிகள் கிடைக்கும். கழற்றி மாட்டு, மறுபடி தொடங்கு, வேறு விசைப்பலகை வாங்கு. இந்த வழிகாட்டிகள்மீது எனக்கு ஒரு குறை உண்டு. அவை ஆங்கிலம் தட்டுபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எழுத்து திரையில் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகின்றன. தமிழில் எழுத்து விழுந்தும் சொல் கெட்டுப்போகும். அந்தக் கேடு எழுத்துப்பிழை வேடத்தில் நம் மேசைக்கு வந்து சேரும்.

என் மாணவனுக்கு நடந்தது இதுதான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டது தமிழ்99 விசைப்பலகை. அதன் அழகே தானாக விழும் புள்ளி. ‘ட’வை இரண்டு முறை தட்டினால் ‘ட்ட’ வரும். மெல்லினத்தை அடுத்து அதன் இன எழுத்தைத் தட்டினால் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று வரும். நாம் வகுப்பில் நடத்தும் இன எழுத்துப் பாடம் விசைக்குள்ளேயே இருக்கிறது.

லினக்ஸில் இந்தப் பெயரோடு இரண்டு வகை விசைப்பலகைகள் உண்டு. ஒன்று எக்ஸ்கேபி என்ற அடிப்படை அமைப்பில் உள்ள ‘தமிழ்நெட்99’. அதில் ஒரு விசைக்கு ஒரு குறி, அவ்வளவுதான். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அது பார்க்காது. ஆகவே புள்ளி தானாக விழாது. இன்னொன்று ஐபஸ் வழியாக வரும் ‘தமிழ்99 (எம்17என்)’. இது முன் எழுத்தைப் பார்த்துப் புள்ளி போடும். பட்டியலில் இரண்டு பெயரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. வேறுபாடு என்ன என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. லினக்ஸின் தமிழ் வசதியில் நான் காணும் பெரிய குறை இதுதான். எம்17என் பட்டியலில் இல்லையென்றால் ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவச் சொல்லுங்கள்.

அடுத்த கணினியில் கதை நேர்மாறு. ‘ட’ விசை தேய்ந்துபோய், ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை பதிந்தது. ஆங்கிலத்தில் தட்டினால் ‘ஓ’ என்ற எழுத்து இரண்டாக வரும், பார்த்ததும் தெரிந்துவிடும். தமிழ்99இலோ ‘படம்’ என்று தட்டினால் ‘பட்டம்’ வருகிறது! ‘ல’ விசை அப்படி ஆனால் ‘கலை’ ‘கல்லை’ ஆகிவிடும். இரண்டுமே சரியான சொற்கள். பிழைதிருத்தியும் பிடிக்காது, அவசரத்தில் திருத்தும் ஆசிரியரும் பிடிக்க மாட்டார். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டினாலும் இதே தொல்லைதான்.

இதற்கு வழிகாட்டிகள் சொல்லும் மருந்து, அணுகல்தன்மை அமைப்பில் உள்ள ‘துள்ளல் விசை’ வசதி. ஒரே விசை மிக விரைவாக மறுபடி பதிந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். நல்ல மருந்துதான், அளவு மீறாத வரைக்கும். இடைவெளியை அதிகமாக வைத்துவிட்டால், விரைவாகத் தட்டும் பிள்ளையின் உண்மையான இரட்டிப்பையும் விழுங்கிவிடும். ‘பட்டம்’ ‘படம்’ ஆகும், ‘அம்மா’ ‘அமா’ ஆவாள்.

அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? கீழிருந்து மேலே வாருங்கள்.

முதலில் கருவி. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே தமிழ் உள்ளீட்டு முறை எதுவும் குறுக்கே வராது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் சந்தேகப்படும் விசையைப் பலமுறை தட்டுங்கள். அங்கேயும் விடுபட்டால், இரட்டித்தால், கோளாறு விசையிலோ கம்பியிலோ அதற்குக் கீழோதான். இன்னும் உறுதி வேண்டுமா? எவ்டெஸ்ட் என்ற கருவி ஒவ்வோர் அசைவையும் நேரத்தோடு காட்டும். அழுத்தினால் 1, விட்டால் 0, பிடித்துக்கொண்டே இருந்தால் 2. ஒரே தட்டுக்கு 1, 0, 1, 0 என்று வந்தால் விசை தேய்ந்துவிட்டது.

அடுத்தது இணைப்பு. சும்மா இருந்துவிட்டுத் தட்டும்போது மட்டும் முதல் எழுத்து விழவில்லையென்றால், யூஎஸ்பி மின்சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். டிமெஸ்ஜி கட்டளையின் பதிவில் விசைப்பலகை அடிக்கடி துண்டிக்கப்பட்டு இணைந்ததாக இருந்தால் துளையை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது அமைப்பு. ஷிஃப்ட் விசையைச் சில விநாடிகள் அழுத்திக்கொண்டே இருந்தால் சில கணினிகளில் ‘மெதுவிசை’ தானாக இயங்கிவிடும். பிறகு எந்த விசையும் நெடுநேரம் அழுத்தினால்தான் வேலை செய்யும். "கீபோர்டு செத்துப்போச்சு டீச்சர்" என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். அணுகல்தன்மை அமைப்பில் அணைத்தால் உயிர் வந்துவிடும்.

கடைசியாகத் தமிழ். இந்த வரியைப் புள்ளி விசையை இடையில் தொடாமல், சொல்லின் இறுதி மெய்க்கு மட்டும் தொட்டுத் தட்டிப் பாருங்கள்: அம்மா, படம், பட்டம், சங்கம், மஞ்சள், வண்டி, பந்து, பாம்பு, மன்றம். ஒன்பதும் சரியாக வந்தால் அந்தக் கணினியை நம்பலாம். இடைப்புள்ளி எல்லாம் போனால் தவறான விசைப்பலகை. ‘படம்’ ‘பட்டம்’ ஆகிவிட்டால் ‘ட’ விசை துள்ளுகிறது. ‘அம்மா’வும் ‘பட்டமும்’ மெலிந்தால் துள்ளல் விசையின் அளவு அதிகம்.

என் மதிப்பீடு இதுதான். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளக் கதவைத் திறந்து வைத்திருப்பது லினக்ஸின் பெருமை. அந்தக் கதவுக்குத் தமிழில் பெயர்ப்பலகை வைக்காதது அதன் குறை. பள்ளிக்கு அது போதுமானதுதான். ஆனால் பிள்ளைகள் உட்காருவதற்கு முன் ஓர் ஆசிரியர் அந்த ஒன்பது சொற்களைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. ‘பாடட்டும்’ என்று தமிழ்99இல் தட்டுங்கள். முதல் ‘ட’வுக்குப் பிறகு ‘அ’ தட்டினால்தான் சரியாக வரும். ஏன் என்று யோசித்தால் ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது மனத்தில் பதியும். தேர்வுத்தாளில் புள்ளி தானாக விழாது. உங்கள் பேனாதான் வைக்க வேண்டும்.

அந்த மாணவனைக் கூப்பிட்டு, மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்று சிரித்தான். எனக்குத்தான் பரவாயில்லை என்று தோன்றவில்லை. தட்டச்சில் வந்த தாளில் ஒரே வகைப் பிழை வரிசையாக வந்தால், சிவப்பு மையைத் திறக்கும் முன் அந்தக் கணினியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.